கடைசி வண்டிக்கு விட்ட இடம்

நான் ஒரு சொல் சொன்னேன். அதைத் திரும்ப எடுக்கப் பதினொரு நாள் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊர் மதரஸாவில் மூன்று வருஷம் ஓதினேன். பிறகு கப்பல் ஏறினேன். பினாங்கில் சோறு விற்றேன். தோளில் ஒரு கழி. கழியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் ஆணச் சட்டிகள். குழம்பை நாங்கள் ஆணம் என்போம். இதை இங்கே நாசி கண்டார் என்பார்கள். காலையில் துறைமுகக் கரையான வெல்ட் கீயில் இறக்கி வைத்தால் மூட்டை தூக்குகிறவர்கள், படகுக்காரர்கள், லாரிக்காரர்கள் சுற்றிக் குந்துவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் வருவார்கள். சோறு விற்கிறவன் கூவ வேண்டும். நான் கூவியதில்லை. சட்டி மூடியைத் திறந்து வைப்பேன். வாசனை போதும்.

இதில் யார் பெயரும் இருக்காது. பின்னால் ஜப்பான்காரன் இங்கே வந்தபோது, பெயர்ப் பட்டியல் வைத்திருந்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தேன். அன்றிலிருந்து நான் யார் பெயரையும் தாளில் எழுதுவதில்லை.

அவன் லாரி ஓட்டினான். ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வேலை. எதிர்க்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட் ஏற்றி, பெர்ரியில் கடந்து, துறைமுகத்துக்குக் கொண்டு வருவான். வந்ததும் என் கூடைக்கு வருவான். எங்கள் ஊர்க்காரன்தான். ஊர் ஆண்கள் சேர்ந்து தங்குகிற கிட்டங்கியில் என் பாய்க்கு அடுத்த பாய் அவனுடையது. என்னைவிட ஆறு வயது சின்னவன்; அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்பான். எனக்கும் சேர்த்துப் பேசுவான்.

"காக்கா வாயைத் தொறந்தா ஆணம் ஆறிப்போயிடும்னு பயப்படுறாரு," என்பான் மற்றவர்களிடம். என் பக்கம் திரும்பி, "நான் வேணா கூவட்டுமா காக்கா? கூலி ஒரு மீன் தலை."

"தின்னுட்டுப் போடா."

"பார்த்தீங்களா? இன்னைக்கு ரெண்டு வார்த்தை. மழை வரும்."

ஒரு நாள் கப்பலில் ஏற்றும்போது வெள்ளீயப் பாளக் கட்டு அவிழ்ந்து கீழே நின்ற சீனக் கூலி ஒருவர் மேல் விழுந்தது. அவன் தட்டை வைத்துவிட்டு ஓடினான். ஆளைத் தூக்கி லாரியில் ரப்பர் ஷீட் மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியில் மாட்டு வண்டிகள் மறித்து நின்றன. சாயங்காலம் வந்து லாரியைக் கழுவினான். நாலு வாளித் தண்ணீர். அன்று சாப்பிடவில்லை.

"உசிரு இருந்துச்சு காக்கா," என்றான். "ஜெட்டி முனையில இருந்துச்சு. பினாங் ரோட்டுல திரும்புறப்ப இல்ல."

வாளிகளை நான் எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் சீனாவில் ஜப்பானோடு யுத்தம் முற்றியது. இங்கே சீனர்கள் நிதி சேர்த்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் காகிதப் பூ விற்றார்கள். ஜப்பான் சாமான் வாங்கி விற்றவன் கடைக் கதவில் தார் அடித்தார்கள். பிறகு, லாரி ஓட்டவும் ரிப்பேர் செய்யவும் தெரிந்த ஆட்கள் வேண்டும், அங்கே மலைப் பாதையில் மருந்து ஏற்றிப் போக வேண்டும், வர விருப்பமுள்ளவர் வரலாம் என்று சொன்னார்கள். அவனுடைய தவுக்கே நிதி சேர்த்த நிவாரணக் கமிட்டியில் ஒருவர். இவன் போய்க் கையைத் தூக்கிவிட்டான்.

எனக்குக் கோபம்.

"உனக்கு எதுக்கு? ஊர்ல பொஞ்சாதி இருக்கா."

"நம்ம சண்டை இல்லேங்கிறீங்களா?"

"ஆமா."

"நான் சண்டைக்குப் போகல காக்கா. போறப்ப மருந்துப் பெட்டி. வர்றப்ப அடிபட்டவன். அவ்வளவுதான்."

"சீனன் ஓட்டட்டும்."

"பின்னால கிடக்கிறவன் யாருன்னு ஸ்டேரிங்குக்குத் தெரியாது. கனம்தான் தெரியும்."

போகும் முன் எல்லாரும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்தார்கள். காக்கிச் சட்டை. இவன் ஓரத்தில் நின்றான். கப்பலுக்கு நான் பொரித்த மீனும் சோறும் கட்டிக் கொடுத்தேன். "காக்கா அழறாரு," என்று பக்கத்தில் நின்ற சீனரிடம் மலாயில் சொன்னான். நான் அழவில்லை. வெயில்.

ஒரே ஒரு கடுதாசி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். குளிர் அதிகம், ரோட்டின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தான். இங்கே வெள்ளைத் தொப்பி போட்ட சீனர்கள் இருக்கிறார்கள், நம்மைப் போல் தொழுகிறார்கள், அவர்கள் கடையில் ஆட்டுக்கறி நம்பிச் சாப்பிடலாம் என்றும் எழுதியிருந்தான். கடைசியில், "உங்கள் மீன் ஆணத்தைப் பற்றி இங்கே ஒருவனிடம் தினமும் சொல்கிறேன். அவன் நம்பவில்லை."

பிறகு ஒரு நாள் மத்தியானம் தவுக்கே துறைமுகத்துக்கு நடந்தே வந்தார். என் கூடைக்கு எதிரில் நின்றார். தொப்பியைக் கையில் எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் கடைத்தெருப் பேச்சான பசார் மலாயில்தான் பேசுவோம். அதைத் தமிழில் எழுதுகிறேன். எங்களைப் போன்ற தமிழ் முஸ்லிம்களை இங்கே மாமா என்று கூப்பிடுவார்கள்.

"மாமா, உன் ஆள்," என்றார்.

"எப்ப?"

"இருபது நாள் ஆச்சு. வண்டிங்க மேல குண்டு போட்டுட்டாங்க."

வரிசையில் பத்துப் பேர் தட்டுடன் இருந்தார்கள். அவர்களுக்கு வைத்து முடித்தேன். அவர் அதுவரை வெயிலில் நின்றார். பிறகு நான் கழியைத் தூக்கினேன்.

கிட்டங்கியில் அவனுக்காக ஜனாஸா தொழுதோம். உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை எங்களில் உண்டு. கிட்டங்கிக்குப் பொறுப்பு ஒரு ஹாஜியார். அவர் முன்னால் நின்றார். ஊருக்கும் அவரே எழுதினார். அவனுடைய பாயை நான் சுருட்டி வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தவுக்கே மறுபடியும் வந்தார். மத்தியான நேரம். கூட்டம். கையில் அகப்பை.

"மாமா, போனவங்கள்ல அஞ்சு பேர் இறந்துட்டாங்க. நாலு பேர் எங்க ஆளுங்க, ஒருத்தன் உன் ஆள். பள்ளிக்கூடத் திடல்ல படம் வெச்சு மரியாதை செய்யப் போறோம். ஆனா எங்க வழக்கப்படி மேசையில முழுப் பன்றி வைப்போம். அவன் படத்தை அங்கே வைக்கலாமா? நீ சொல்றதுதான். அவனுக்கு இங்கே வேற யாரும் இல்ல."

"தா போலே," என்றேன். கூடாது என்று அர்த்தம்.

அவர் தலையாட்டினார். "சரி லா. கேட்காம செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்," என்று சொல்லிப் போய்விட்டார். நான் அடுத்த தட்டுக்கு ஆணம் ஊற்றினேன்.

இதுதான் அந்தச் சொல். யோசிக்கவில்லை. பன்றி என்றார், கூடாது என்றேன். எங்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஹாஜியாரிடம் சொன்னேன். நல்ல பதில் என்றார்.

நாலாம் நாள் என் கூடைக்குப் புதிய ஆள் ஒருவர் வந்தார். சீனர். முப்பது வயது இருக்கும். இடது சட்டைக் கை காலியாக இருந்தது. முனையை ஊசியால் மடித்துக் குத்தியிருந்தார். குந்தி உட்கார்ந்து தட்டைத் தரையில் வைத்துக்கொண்டார்.

"மீன்," என்றார். "தலை இருந்தா தலை."

வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் பொய் சொல்லல."

"யாரு?"

"தினமும் சொல்வான். வெல்ட் கீயில ஒரு ஊமை மாமா இருக்காரு, அவர் மீன் மாதிரி உலகத்துல இல்லன்னு. நாங்க கஞ்சி குடிக்கிறப்ப சொல்வான். அடிக்கலாம் போல இருக்கும்."

நான் அகப்பையை வைத்துவிட்டேன். "நீங்க அவன்கூட இருந்தீங்களா?"

"ஒரு கிண்ணத்துல சாப்பிட்டதில்ல. எங்க சட்டியில பன்றி. அவன் தனியா முட்டை அவிச்சுப்பான். ஒரு வண்டிக்கு அடியில தூங்கினோம்."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்று ஐந்து லாரிகள் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கின. விமானம் வந்தது. அவனுக்கு முன்னால் போன லாரி தீப்பிடித்தது. அவன் தன் லாரியைப் பாறைக்கு ஒட்டி நிறுத்திவிட்டு ஓடினான். எரிகிற லாரியின் பின்னால் கிடந்தவர்களில் இரண்டு பேரை இழுத்துப் போட்டான். இவரும் கூட இழுத்தார். கை அப்போது போனது. அந்த லாரியை ஓட்டினவன் இன்னும் உள்ளே இருந்தான். கதவு திறக்கவில்லை. அவன் மூன்றாம் முறை போனான். பெட்ரோல் டாங்கி வெடித்தது.

"தொப்பிக்காரங்களைக் கூப்பிட்டோம்," என்றார். "அவங்க வந்து குளிப்பாட்டித் துணி சுத்தினாங்க. மேற்கே முகம் வெச்சு அடக்கினாங்க. தூக்கினது நாங்க."

எனக்கு அதுவரை தெரியாது. மண் கிடைத்ததா என்று கேட்க ஆளில்லாமல் இருந்தேன்.

அவர் தட்டில் பாதி இருந்தது. அப்போது கேட்டார்.

"நேத்து கமிட்டிக்குப் போனேன். படம் சட்டம் போட்டு வெச்சிருக்காங்க. நாலுதான் இருக்கு. அவன் எங்கேன்னா, சொந்தக்காரங்க வேண்டாம்னுட்டாங்கங்கிறாங்க. யாரு அந்தச் சொந்தக்காரன்? உனக்குத் தெரியுமா மாமா?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். எழுந்தார். பாதிச் சோற்றை விட்டுவிட்டுப் போனார்.

பதினாலு வருஷம் சோறு விற்றேன். என் தட்டில் வேண்டுமென்றே மிச்சம் வைத்தவன் இல்லை. அந்தத் தட்டை நான் உடனே கழுவவில்லை.

அன்று பிற்பகல் காலிக் கூடைகளோடு தவுக்கே கடைக்குப் போனேன்.

"அவன் படம் இருக்கணும்," என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாமா, நீதான் கூடாதுன்னே."

"ஆமா."

"இப்ப?"

"இருக்கணும்."

"பன்றியை எடுக்க முடியாது லா. நாலு வீட்டுத் தாய்மாரும் கேட்டது. அவங்க பிள்ளைங்களுக்கு வைக்கிற கடைசிச் சாப்பாடு."

"எடுக்கச் சொல்லல."

"தனி அறையில வைக்கட்டுமா?"

"ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப எப்படித்தான் வைக்கிறது?"

"தெரியல."

அவர் சிரித்துவிட்டார். "தெரிஞ்சுட்டு வா."

மறுநாளும் போனேன். கடை வாசலில் கூடையை இறக்கி நின்றேன்.

"தெரிஞ்சுதா?"

"இல்ல."

"பின்ன ஏன் வந்தே?"

"நீங்க மறந்துடக் கூடாது."

அதற்கு மறுநாளும் போனேன். அவருடைய கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்ததும், "தவுக்கே, உங்க கடன்காரர் வந்துட்டாரு," என்று உள்ளே குரல் கொடுத்தார். கடையில் சிரித்தார்கள். நான் நின்றேன்.

கிட்டங்கிக்கு இது எட்டிவிட்டது. ஹாஜியார் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"படம் வைக்கிறதே நமக்கு ஆகாது. அதுல பன்னி வேற. நீ சரியாத்தானே சொன்னே. இப்ப ஏன் சீனன் கடை வாசல்ல போய்க் காவல் நிக்கிறே?"

"அவன் அவங்களோட செத்தான் ஹாஜியாரே. இங்க நாலு சுவத்துக்குள்ள தொழுதுட்டோம். அவன் எதுக்குப் போனான்னு யாருக்குத் தெரியும்?"

"அல்லாவுக்குத் தெரியும்."

"அல்லாவுக்குத் தெரியும். பினாங்குக்குத் தெரியாது."

அந்த வருஷத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஹாஜியார் தாடியைத் தடவினார். "உன் இஷ்டம். என்னைக் கேட்காதே," என்றார். தடுக்கவும் இல்லை.

கை இழந்தவர் என் கூடைப் பக்கம் பிறகு வரவில்லை. தவுக்கேயின் லாரிக் கொட்டகையில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். இலையில் சோறு கட்டிக் கொண்டு போயிருந்தேன்.

"வேண்டாம்," என்றார்.

கீழே வைத்தேன். "ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வரிசையா போறப்ப அவன் எங்க இருப்பான்?"

ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஒரு டப்பாவில் சக்கர நட்டுகள் கிடந்தன. ஐந்தை எடுத்துப் பீப்பாய் மேல் வரிசையாக வைத்தார். ஒட்டி வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டார்.

"மலைப் பாதை. முன்னால போறவன் சறுக்கினா பின்னால வர்றவன் நிக்க இடம் வேணும். ஒரே குண்டுல ரெண்டு வண்டி போகக் கூடாது. அதனால இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவோம்."

ஐந்தாவது நட்டை இன்னும் ஒரு சாண் தள்ளினார்.

"இது அவன். ரிப்பேர் சாமான் எல்லாம் அவன் வண்டியில. யாரு வண்டி நின்னாலும் அவன் வந்து நிப்பான். அதனால கடைசி. அதனால இன்னும் கொஞ்சம் தூரம்."

"அவ்வளவு தள்ளி இருந்தா வரிசையில சேருமா?"

அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பின்னால அவன் வரான்னுதான் முன்னால நாங்க ஓட்டினோம்."

நான் நட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். "இதை எடுத்துட்டுப் போகலாமா? திருப்பித் தரேன்."

தவுக்கே மேசையில் மணிச்சட்டத்தைத் தள்ளிவிட்டு நட்டுகளை வைத்தேன். நாலு ஒரு பக்கம். நடுவில் இடம். பிறகு ஒன்று.

"அவன் கடைசி வண்டி," என்றேன். "இப்படித்தான் ஓட்டினாங்க."

தவுக்கேக்கு லாரி தெரியும். உடனே புரிந்தது. தேநீர்க் கூஜாவை எடுத்து முதல் நாலு நட்டுகளுக்கு முன் வைத்தார். "இது பன்றி," என்றார். கூஜாவின் மூக்கு ஐந்தாவதைப் பார்த்து நின்றது. அதைத் திருப்பி வைத்தார். கணக்கப்பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

"ஒரே வரிசை," என்றார் தவுக்கே. "ஆனா மேசை இங்கேயே முடிஞ்சிடும். சரி. ஆனா மாமா, காலி இடம்னா சும்மா விட மாட்டாங்க. மாலை வைப்பாங்க. நாற்காலி போடுவாங்க. வந்தவன் ஒருத்தன் இன்னொரு பன்றியக் கொண்டு வந்து வைப்பான்."

"அங்க நான் நிக்கிறேன்."

"நீயா?"

"கூடையோட."

அவர் நாலாவது நட்டைத் தொட்டார். "நாலாவது படம் தீப்பிடிச்ச வண்டிக்காரன். ஒரு தாய்க்கு ஒரே பிள்ளை. அவன் பக்கத்துலதான் இந்த இடம் வருது. அந்தம்மா சம்மதிக்கணும். நான் மட்டும் சொல்ல முடியாது."

அந்தத் தாய் கடலுக்கு மேல் கால் நட்டுக் கட்டிய ஜெட்டி வீடுகளில் ஒன்றில் இருந்தார். பலகை நடைபாதையில் தவுக்கே முன்னால் போனார், நான் பின்னால். அந்த அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். மலாய் தெரியாது. தவுக்கே அவர்கள் பாஷையில் சொன்னார். நீளமாகச் சொன்னார். அந்த அம்மா கை நிற்கவில்லை. இறால் ஒன்றொன்றாக வாளியில் விழுந்தது. பிறகு ஏதோ கேட்டார்.

"மூணாம் தடவை போனவனான்னு கேக்குறாங்க," என்றார் தவுக்கே.

"ஆமா."

கை நின்றது. என்னைப் பார்த்துப் பேசினார். தவுக்கே மாற்றிச் சொன்னார்.

"என் பிள்ளைக்குப் பக்கத்துல யாரு நிக்கணும்னு நான் சொல்லலாம்னா, அவன்தான் நிக்கணும்ங்கிறாங்க. பன்றியை அந்தக் கோடியில வெச்சுடுங்க, என் மகன் நாலு அடி நடந்து போய்ச் சாப்பிட்டுக்குவான்ங்கிறாங்க."

நான் தலையாட்டினேன்.

பதினோராம் நாள் காலை. வழக்கத்துக்கு இரண்டு மடங்கு சோறு வடித்தேன். மீன் ஆணம், வெண்டைக்காய், முட்டை. கழி வளைந்தது. சூலியா தெரு வழியாகப் பள்ளிக்கூடத் திடலுக்கு நடந்தேன். வழியில் துறைமுகக் கூலிகள் சிலர், "அண்ணே, இந்தப் பக்கம் எங்க? நாங்க பட்டினியா?" என்றார்கள்.

"வாங்க," என்றேன்.

பந்தலில் வெள்ளைத் துணி. நாலு படங்கள். முன்னால் நீள மேசை, அதில் பழம், ஊதுவத்தி, முதல் படத்துக் கோடியில் பன்றி. நாலாவது படத்தோடு மேசை முடிந்தது. பிறகு வெறும் தரை. ஒரு லாரி நிற்கிற இடம் இருக்கும். அதற்கு அப்பால், அதே கோட்டில், அதே உயரத்தில், அவன். ஸ்டூடியோவில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் நின்றவன். பக்கத்தில் இருந்தவர் தோள் கொஞ்சம் தெரிந்தது. அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

நான் அந்தத் தரையில் கூடைகளை இறக்கினேன். கழியைக் குறுக்கே வைத்தேன். நின்றேன்.

தவுக்கே சொன்னது சரி. ஒருவர் மலர் வளையத்தோடு வந்து இடம் தேடினார். மேசைப் பக்கம் கை காட்டினேன். இரண்டு பேர் பெஞ்சு கொண்டு வந்தார்கள். தலையசைத்தேன். ஒரு பெரியவர், "சோறு விக்கிறதுக்கு இதுவா இடம்?" என்று அதட்டினார். கை இழந்தவர் எங்கிருந்தோ வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஒதுங்கிப் போனார்.

கமிட்டிக்காரர்கள் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை. ஐந்து பெயர்களை உரக்கச் சொன்னார்கள். ஐந்தாவது எனக்குப் புரிந்தது. எல்லாரும் மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். நான் குனியவில்லை. கைகளை ஏந்தி பாத்திஹா ஓதினேன். என் பின்னால் இன்னொரு குரலும் ஓதியது. திரும்பவில்லை. ஓதி முடித்துப் பார்த்தேன். ஹாஜியார். பந்தலுக்குள் வரவில்லை. கயிற்றுக்கு வெளியே, என் கூடைக்கு நேராக நின்றார்.

"படத்தைப் பார்க்க வரல," என்றார்.

"சரி."

"சோறு கொண்டு போனியேன்னு வந்தேன்."

"சரி ஹாஜியாரே."

பிறகு சனம் அவரவர் பிள்ளை படத்துக்குப் போனது. அந்தத் தாய் மகன் படத்துக்கு ஊதுவத்தி வைத்தார். இன்னும் மூன்று குச்சிகள் கையில் இருந்தன. என் இடத்தின் ஓரம் வரை வந்தார். நின்றார். தவுக்கேயைக் கூப்பிட்டார்.

"அவனுக்கு எதை வைக்கலாம்னு கேக்குறாங்க மாமா. கூடாததை வெச்சுடக் கூடாதுங்கிறாங்க."

இந்த முறை நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். இறால் உரித்த விரல்கள். யோசித்தேன்.

"அவனுக்கு ஒண்ணும் வைக்க வேண்டாம். அவன் பேரைச் சொல்லிப் பசிச்சவங்க சாப்பிட்டா போதும். முதல்ல இந்தம்மா சாப்பிடணும்."

மாற்றிச் சொன்னார். அந்த அம்மா குச்சிகளை மகன் படத்துக்கே கொண்டு போய் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். தட்டில் வைத்துக் கொடுத்தேன். காரம். கண்ணில் நீர் வந்தது. காரத்துக்கா என்று தெரியாது. தட்டைக் காலி செய்தார்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். மற்ற மூன்று வீட்டார், கமிட்டிக்காரர்கள், துறைமுகக் கூலிகள், அதட்டின பெரியவர். தவுக்கே கையால் சாப்பிட்டு வெள்ளைச் சட்டையில் ஆணம் சிந்திக்கொண்டார். ஹாஜியார் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே தட்டை நீட்டினார். "மீன் போதும், வெண்டைக்காய் இன்னும் வை," என்றார். யாரிடமும் காசு வாங்கவில்லை.

சட்டியில் அடி தெரிந்தபோது கை இழந்தவர் வந்தார். கடைசி ஆள்.

"எனக்குப் பாதி பாக்கி இருக்கு மாமா," என்றார்.

"அன்னைக்கு விட்டது ஆறிப்போச்சு."

"புதுசா வை."

ஒரு மீன் தலையை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதை வைத்தேன். கூடைக்குப் பக்கத்தில் குந்தி, முதுகை அவன் படத்துக்குக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

ஐந்து நட்டுகளையும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் நாலை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணை நீ வெச்சுக்க," என்றார்.

பின்னால் யுத்தம் இங்கேயே வந்தது. சோதனை போடுகிறார்கள் என்று அஞ்சி, தவுக்கே தன் கையாலேயே அந்தப் படங்களை எரித்தார். ஐந்தையும். அந்த வரிசை இப்போது எங்கேயும் இல்லை.

நட்டு இருக்கிறது. வெறும் இரும்பு. அதற்காக யாரும் என்னைப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன்.